தொடங்கியது 2009-இல் அல்ல

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், உணவு கட்டிக்கொடுக்கும் அட்டைப்பெட்டிகள் செய்யும் ஒரு குடும்பத் தொழிலின் வளர்ச்சியைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், இயந்திரத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் அந்த இளைஞர் என் மகன். இளைஞர் என்று போட்டதில் அவனுக்கு ஏக சந்தோஷம். வருகிற தை மாதம் அவனுக்கு 43 வயது முடிகிறது.

தெருவில் நான்கு பேர் பேப்பரைக் கொண்டுவந்து காட்டினார்கள். முதல் முறை பெருமையோடுதான் படித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் முறை படித்தபோது சில இடங்கள் நெருடின. எழுதிய செய்தியாளர் மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல பிள்ளை. இரண்டு தம்ளர் மோர் குடித்தார், மறுக்கவில்லை. கேள்விகளையெல்லாம் மகனிடம் கேட்டார். பக்கத்தில் அட்டை எண்ணிக்கொண்டிருந்த என்னிடம், "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், படத்தில் நிழல் விழுகிறது" என்று மட்டும் சொன்னார். தள்ளி நின்றேன். அங்கே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

"2009-இல் ஒற்றை இயந்திரத்தோடு தொடங்கப்பட்ட நிறுவனம்" என்கிறது கட்டுரை. அந்த இயந்திரம் வந்த வருடம்தான் 2009. தொழில் தொடங்கியது 1967-இல், பழைய வண்ணாரப்பேட்டையில் ஓர் ஒண்டுக்குடித்தன வீட்டின் நடையில். எனக்கு அப்போது எட்டு வயது. தமிழ்நாட்டில் ஆட்சி மாறிய வருடம் என்பதால் மறக்கவில்லை. தேர்தல் முடிந்த மாதத்தில் பேப்பர் எக்கச்சக்கமாக விற்றது. அடுத்த மாதம் அதே பேப்பர் எடைக்கு எக்கச்சக்கமாக வந்தது. என் அப்பா கைவண்டி தள்ளிக்கொண்டு போய் வீடு வீடாகப் பழைய பேப்பர் வாங்குகிறவர். நடை முழுக்கக் கட்டுக் கட்டாகப் பேப்பர். அதைத் தாண்டித் தாண்டி நடந்து அலுத்துப்போன அம்மாதான், "எடைக்குப் போட்டால் காலணா, கவராக ஒட்டிப் போட்டால் அரையணா, ஏன் ஒட்டக்கூடாது?" என்று கேட்டார். நயா பைசா வந்து பத்து வருடம் ஆகியும் அம்மாவின் கணக்கு அணாவில்தான் ஓடியது. நீங்கள் 'நிறுவனர்' என்று யாரையாவது எழுத வேண்டுமென்றால் அவரைத்தான் எழுத வேண்டும்.

கவர் ஒட்டுவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், அதனால் சொல்கிறேன். வெட்டிய தாள்களை ஐம்பது ஐம்பதாக எடுத்து, ஒவ்வொரு தாளின் ஓரமும் விரற்கடை அகலம் வெளியே தெரிகிற மாதிரி படிக்கட்டாகச் சரித்துப் பரப்ப வேண்டும். மைதாப் பசையில் துணியைத் தோய்த்து மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. ஐம்பது ஓரத்திலும் பசை ஏறிவிடும். பிறகு தாளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்க வேண்டியதுதான். ஒரு தாளின் பசை காய்வதற்குள் அடுத்ததை மடித்துவிட வேண்டும், பேச்சு வாயில் நடக்கலாம், கை நிற்கக் கூடாது. நகத்தைக் கட்டையாக வெட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மடிப்பு கிழியும். அடி மடிப்பைப் பெரியவர்கள்தான் போடுவார்கள். அடி விட்டுப்போனால் துவரம்பருப்பு தெருவில் கொட்டும், அடுத்த நாள் மளிகைக்கடைக்காரர் வாசலில் வந்து நிற்பார்.

பசையில் பைண்டிங் வேலைக்காரர்கள் மயில்துத்தம் என்கிற விஷ உப்பைச் சேர்ப்பார்கள். கரப்பான் அண்டாது. எங்கள் வீட்டிலோ ராத்திரி ராத்திரி கரப்பான் பசை ஓரத்தை அரித்துவைக்கும், காலையில் பத்துக்கு ஒரு கவர் வீண். அப்பா துத்தம் வாங்கிவந்து கொடுத்தும் அம்மா அதைத் தொடவில்லை. "சர்க்கரை போகிற கவர், பொட்டுக்கடலை போகிற கவர், குழந்தை கவரோடு சேர்த்து நக்கும்" என்பார். உணவுப் பாதுகாப்பு என்று இன்று மகன் சான்றிதழை மாட்டிவைத்திருக்கிறான். எங்கள் வீட்டில் அதன் முதல் விதி அதுதான். ஆனால் அதே அம்மா, அச்சு மை கையில் ஒட்டுகிற பேப்பரில் பஜ்ஜி கட்டுவதைத் தப்பாக நினைத்ததே இல்லை. அச்சிட்ட பேப்பரில் தின்பண்டம் கட்டக் கூடாது என்று 2018-ஆம் ஆண்டின் பொட்டல விதிமுறைகள் சொல்கின்றன. மையில் இருக்கும் ஈயம் முதலானவை சூட்டிலும் எண்ணெயிலும் இறங்கும் என்கிறார்கள். நாங்கள் ஒட்டிய கவரில் பஜ்ஜி தின்றவர்களில் நானும் ஒருத்தி. அதில் உங்கள் நாளிதழும் உண்டு.

1980-இல் எனக்குத் திருமணம் ஆனது. அவர் தங்கசாலைப் பக்கம் ஓர் அச்சகத்தில் டிரெடில் என்கிற சின்ன அச்சு இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணப் பத்திரிகையும் ரசீதுப் புத்தகமும் அடிக்கிற அதே டிரெடிலில் எழுத்துக்குப் பதிலாகப் பலகையில் பதித்த தகட்டுக் கத்தியை மாட்டினால், அட்டையைப் பெட்டி வடிவத்தில் வெட்டி, மடிக்கிற கோட்டையும் அழுத்திக் கொடுத்துவிடும். அந்த வித்தை அவருக்குத் தெரியும். 1986-இல் என் வளையல்கள் போய் ஒரு பழைய டிரெடில் வந்தது. கவர் ஒட்டிய வீடு இனிப்புப் பெட்டி செய்கிற வீடாகியது. ஆண்டர்சன் தெருவில் அட்டை வாங்கி, அவர் அந்தக் கத்தியால் வெட்டிக் கொடுக்க (அதற்குப் பஞ்சிங் என்று பெயர்), தெருப் பெண்கள் கழிவை உடைத்து ஒட்டிக் கொடுப்பார்கள். கால் கிலோ, அரை கிலோ, ஒரு கிலோ. தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பிருந்து வீட்டில் படுக்க இடமிருக்காது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் மனது கேட்காது. அந்நாளில் சில இனிப்புக்கடைக்காரர்கள் பெட்டி கேட்க வரும்போது முதலில் அட்டையைக் கையில் தூக்கிப் பார்ப்பார்கள். "இன்னும் கொஞ்சம் கனமாகப் போடுங்கள்" என்பார்கள். பெட்டி உறுதியாக இருக்க வேண்டும் என்று நினைத்து நாங்களும் கனமான அட்டை வாங்கினோம். ஒரு நாள் நானே அப்படி ஒரு கடையில் மைசூர்பாகு வாங்கப் போனேன். பெட்டியோடு தராசில் வைத்தார்கள். அப்போதுதான் கனத்தின் அர்த்தம் புரிந்தது. மைசூர்பாகு விலையில் அட்டையை விற்கிறார்கள், அதுவும் நான் செய்த அட்டையை எனக்கே. எடையளவுச் சட்டப்படி பெட்டி நீங்கலாகத்தான் நிறுக்க வேண்டும். இன்றைக்கும் தீபாவளிக் கூட்டத்தில் யாராவது கேட்டால்தான் பெட்டியை எடுத்துவிட்டு நிறுக்கிற கடைகள் இருக்கின்றன. கேளுங்கள்.

மகன் தரமணியில் அச்சுத் தொழில்நுட்பம் படித்தான், வெளியில் சில வருடம் வேலை பார்த்தான், 2009-இல் ஒரு தானியங்கி பஞ்சிங் இயந்திரத்தைப் பழையதாக வாங்கி அம்பத்தூரில் வாடகைக்கு ஒரு ஷெட் பிடித்தான். அவன் உழைப்பைக் குறைத்துச் சொல்ல நான் எழுதவில்லை. என் கணவர் இறந்த பிறகு கடனையும் கடைக்காரர்களையும் ஒற்றை ஆளாகச் சமாளித்தவன் அவன். வங்கிக்கும் வரிக்கும் பதில் சொல்கிறவள் மருமகள். அட்டை வாங்கும்போது 18 சதவீதம், அதையே பெட்டியாக்கி விற்கும்போது 5 சதவீதம் என்று 2025 புரட்டாசியில் வரி மாறியதிலிருந்து, நடுவில் மாட்டிக்கொண்ட பணத்தைத் திரும்பப் பெற அவள் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அதையும் நீங்கள் எழுதவில்லை, போகட்டும்.

"பிளாஸ்டிக் தடை தந்த வாய்ப்பைப் பயன்படுத்தி வளர்ந்தவர்" என்று ஒரு வரி இருக்கிறது. அதில் பாதிதான் உண்மை. 2016-இல் காகிதக் கோப்பை செய்யும் இயந்திரம் ஒன்றைக் கடன் வாங்கி இறக்கினோம். டீக்கடைகளுக்கு நல்ல ஓட்டம். 2018 ஜூன் மாதம் தமிழக அரசு ஆணை வந்தது. 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பொருள்களுக்குத் தடை. தெர்மகோல் தட்டு, உறிஞ்சுகுழல், தண்ணீர்ப் பாக்கெட் என்று போகிற பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் இருந்தது. தேநீர் ஊறாமலிருக்கக் கோப்பையின் உள்ளே ஒரு மெல்லிய பூச்சு இருக்குமல்லவா, அதுதான் காரணம். நான்கு ஐந்து வருடம் வழக்கு நடந்து, 2023-இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தடை செல்லும் என்றது. எங்கள் இயந்திரம் அதற்கு வெகு நாள் முன்பே தார்ப்பாய் போர்த்தப்பட்டு, கடைசியில் எடைக்குப் போனது. பழைய பேப்பர் எடைக்கு வாங்கிய குடும்பம், இயந்திரத்தை எடைக்குப் போட்டது. கடன் மட்டும் எடைக்குப் போகவில்லை, 2022 வரை கட்டினோம்.

தடை தவறு என்று நான் சொல்லவில்லை. கொருக்குப்பேட்டைப் பக்கம் பக்கிங்ஹாம் கால்வாயைப் பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தடை எங்களுக்கு ஒரு கையால் கொடுத்து ஒரு கையால் எடுத்தது என்றுதான் சொல்கிறேன். ஓட்டல்கள் பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதில் அட்டைப்பெட்டி கேட்டு வந்தன, அது உண்மை. ஆனால் எங்களைத் தூக்கிவிட்டது தடையைவிடக் கொரோனாதான். 2020-இல் ஓட்டல்களில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, பார்சல் மட்டும் என்றார்கள். ஊரே முடங்கிக் கிடந்த மாதங்களில் எங்களுக்குப் பெட்டி கேட்டுத் தொலைபேசி ஓயவில்லை. நாலு பேரிடம் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சாம்பார் சாதத்துக்குப் பெட்டி செய்வது லேசில்லை. இனிப்புக்கு ஈரமில்லை, சூடில்லை. சாம்பார் சாதம் இரண்டும் சேர்ந்தது. தண்ணீரில் கலந்து பூசுகிற பூச்சு போட்ட அட்டையில் மாதிரிப் பெட்டிகள் செய்து மகன் வீட்டுக்குக் கொண்டுவருவான். நான் கொதிக்கக் கொதிக்கச் சாம்பார் சாதம் கிளறி நிரப்புவேன். பெட்டிகளை வரிசையாக உங்கள் பேப்பரின் மேல் வைத்து, மேலே நேரத்தைப் பேனாவால் எழுதுவோம். எந்த மூலை எப்போது கசிகிறது என்று பேப்பரில் விழும் ஈர வட்டமே சொல்லிவிடும். முதல் பெட்டி இருபது நிமிடத்தில் நான்கு மூலையிலும் கசிந்தது. ஒட்டுகிற மூலையாக இல்லாமல் மடித்துச் சொருகுகிற மூலையாக மாற்றியதும் ஒரு மணி நேரம் தாங்கியது. அந்த யோசனை கட்டுரையில் 'வடிவமைப்பு' என்று வந்திருக்கிறது. அதைச் சொன்னது எங்கள் தெருவில் முப்பத்தைந்து வருடம் பெட்டி ஒட்டிய ஓர் ஆயா. கவர் ஒட்டிய காலத்தில் உப்பு கட்டுகிற கவருக்கு அவர் போடுகிற மடிப்பு அது. ஈரத்தில் பசை விடும், மடிப்பு விடாது.

பெட்டி "முழுக்க முழுக்க மக்கும், எனவே குப்பையே இல்லை" என்று எழுதியிருப்பதையும் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். பெட்டி மக்கும். அதற்குள் தனியாக முடிச்சுப்போட்டு வைக்கிற சட்னிப் பையும் சாம்பார்ப் பையும் மக்காது. எண்ணெய் ஊறிய பெட்டியைப் பழைய பேப்பர்க்காரர் வாங்க மாட்டார், வாங்குகிற வீட்டில் பிறந்தவள் சொல்கிறேன். என் சிறு வயதில் ஓட்டல் பார்சல் என்றால் உள்ளே வாழையிலை, வெளியே பேப்பர், மேலே தொங்குகிற கண்டிலிருந்து நூல் இழுத்து நாலு சுற்று. சாம்பாருக்கு நாம்தான் தூக்குவாளி கொண்டுபோக வேண்டும். எந்தப் பெட்டியும் அந்தத் தூக்குவாளிக்கு ஈடில்லை. பெட்டி விற்று வயிறு வளர்க்கிற நானே சொல்கிறேன், மகன் கோபித்துக்கொண்டாலும் சரி.

நான் எழுத உட்கார்ந்ததே இனிச் சொல்லப்போவதற்காகத்தான். கட்டுரையின் கடைசிப் பத்தியில், "2021-இல் தானியங்கி ஒட்டும் இயந்திரம் வாங்கி, மனித உழைப்பைக் குறைத்து, உற்பத்தியைப் பல மடங்கு பெருக்கினார்" என்று இருக்கிறது. குறைந்த அந்த மனித உழைப்பு இருபத்திரண்டு பெண்கள். எல்லோரும் எங்கள் தெருவிலும் அடுத்த இரண்டு தெருக்களிலும் இருப்பவர்கள். அட்டை அவர்கள் வீட்டுக்குப் போகும், பெட்டி திரும்பி வரும். குழாயில் தண்ணீர் வருகிற நேரம் எழுந்து பிடித்துவிட்டு வந்து ஒட்டுவார்கள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஒட்டுவார்கள். கைவேகம் உள்ள பெண் காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரை ஒட்டினால் ஆயிரத்தைந்நூறு பெட்டி ஆகும். இயந்திரம் ஒரு மணி நேரத்தில் பதினைந்தாயிரம் ஒட்டுகிறது. வந்த முதல் நாள் அதைப் பார்க்க அவர்களையும் வேனில் அழைத்துப்போனோம், பூசை போட்டுச் சுண்டல் கொடுத்தோம். ஆயா இயந்திரத்தின் அருகில் போய் ஒட்டி வந்த பெட்டி ஒன்றை எடுத்து, ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டு, "நன்றாகத்தான் ஒட்டுகிறது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சுண்டலை முந்தானையில் முடிந்துகொண்டு வேனில் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஆறு பேரை ஷெட்டில் சரிபார்த்துக் கட்டுகிற வேலைக்கு எடுத்துக்கொண்டோம். அவர்களுக்கு மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி எல்லாம் உண்டு. மற்றவர்களையும் கூப்பிட்டோம். வண்ணாரப்பேட்டையில் மின்சார ரயில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்து, எட்டு மணி நேரம் நின்று வேலை செய்ய வேண்டும். வீட்டு நடையில் உட்கார்ந்து ஒட்டியவர்களுக்கு அது ஒத்துவரவில்லை. சிலர் வீட்டு வேலைக்குப் போனார்கள். ஒருவர் பூக் கட்டுகிறார், அதற்கும் கைவேகம் வேண்டும். ஒன்றிரண்டு பேர் எங்களோடு பேசுவதில்லை. அது அவர்கள் உரிமை.

இயந்திரம் வாங்கியது தப்பு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. வாங்காவிட்டால் வெளியூர்ப் பெட்டி எங்கள் விலையில் பாதிக்கு வந்து இறங்கும், இருபத்திரண்டு பேருக்கும் வேலை போகும், எங்களுக்கும் போகும். ஆனால் ஒரு தப்பு எங்களுடையது, அதை ஒத்துக்கொள்கிறேன். இத்தனை வருடத்தில் ஒருவரையும் நாங்கள் அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்துவைக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஒட்டுகிறார்கள், இதற்கெல்லாம் என்ன பதிவு என்று இருந்துவிட்டோம். பதிவு இருந்திருந்தால் அறுபது வயதுக்கு மேல் ஓய்வூதியம் கேட்டிருக்கலாம். 2021 ஆகஸ்டில் மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவு தொடங்கியபோது மருமகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு கணினி மையத்துக்குப் போனாள். 16 வயது முதல் 59 வயது வரைதான் பதிவு. ஏழு பேர் வயது தாண்டியவர்கள். ஆயாவுக்கு அப்போது எழுபத்தொன்று. ஆதார் அட்டையை மறுபடியும் மஞ்சள்பையில் போட்டுக்கொண்டு, வரிசையில் நின்ற மற்றவர்களுக்காகக் காத்திருந்தார்.

என்னிடம் பதினொரு நீளநோட்டுகள் இருக்கின்றன. 1986 முதல் 2021 வரை, வாரா வாரம் சனிக்கிழமை நான் எழுதியவை. ஒட்டுக்கூலி நோட்டு என்று பெயர். யார் எத்தனை பெட்டி ஒட்டினார், எவ்வளவு கொடுத்தோம், யாருக்கு முன்பணம், எந்த வாரம் யாருக்குப் பிரசவம் என்று எல்லாம் அதில் இருக்கும். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களின் பெருவிரல் ரேகைகளில் பசை காய்ந்து பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் ஷெட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்று, அட்டை அத்தனையும் ஊறிய அப்பளமாய்ப் போனபோதுகூட இந்த நோட்டுகள் தப்பின, வீட்டுப் பரணில் இருந்ததால்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தொடங்கிய வருடம் 1967 என்று ஒரு திருத்தம், தொடங்கியவர் என் அம்மா என்று ஒரு வரி, ஒட்டியவர்கள் இருபத்திரண்டு பெண்கள் என்று இன்னொரு வரி. ஆறாம் பக்கத்தில் மூலையில் போட்டாலும் போதும், எங்கள் தெருவில் படித்துக் காட்டிவிடுவேன். ஆயா இன்னும் இருக்கிறார், காது மட்டும் கொஞ்சம் மந்தம். அவரைப் படம் எடுப்பதானால் கையை எடுங்கள், முகத்தைக் காட்ட வெட்கப்படுவார்.

செய்தியாளர் வருவதாக இருந்தால் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அதுவரை ஷெட்டில் இருப்பேன். நோட்டுகளை எடுத்துவைக்கிறேன். மோரும் உண்டு.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். மகனுக்குச் சங்கடம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை,
சென்னை - 21.